கீழ்க்கண்டத்துக்கு வந்த தண்ணீர்

சிறுபோக நெல் வெள்ளாமை கதிர் வெளிவருமுன் குடலைப் பருவத்தில், தண்ணீருக்குத் தவித்து நின்றபோதுதான் வயல்களுக்குப் போகும் சவளக்கடைப் பக்கத்துப் பாதை மூடப்பட்டது. தமிழர், முஸ்லிம்கள் என இரண்டு பக்கமும் ஆட்கள் சுடப்பட்டிருந்தார்கள். தமிழர் பட்டணத்துக்கு வரவில்லை. முஸ்லிம்கள் வயலுக்குப் போகவில்லை.

நான் அப்போது கல்முனையில் ஒரு சிறிய தொண்டு நிறுவனத்தில் பீல்ட் ஒபிசர். ஒரே வாய்க்காலில் பயிர் செய்த இரண்டு ஊராரையும் சேர்த்து ஒரு கமக்காரர் சங்கம் அமைத்திருந்தோம். வாய்க்காலின் மேல்பக்கத்து வயல்களான மேல்கண்டம் தமிழருடையது, தண்ணீர் திறந்துவிடும் மதகும் அங்கேதான். கீழ்க்கண்டம் முஸ்லிம்களுடையது. தலைவர் மேல்கண்டத்துத் தங்கராசா. செயலாளர் கீழ்க்கண்டத்து மீராலெப்பை; அண்ணன் என்ற முறையில் எல்லாரும் அவரைக் காக்கா என்போம்.

கொழும்பிலிருந்து டிரெக்டர் கோல் எடுத்தார். "அந்தச் சங்கம் முடிஞ்ச கதை. ப்ரொஜெக்ட்ட குளோஸ் பண்ணுங்க."

பாதை திறந்ததும் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு மூடலாம் என்றேன்.

பாதை திறந்த அன்று காக்காவை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனேன். சோதனைச் சாவடியைத் தாண்டிய பிறகுதான் அவர் வாய் திறந்தார். "எல்லாம் கருகிக் கிடக்கும் சேர். பாத்திட்டு உடனே திரும்புவம்."

வாய்க்கால் கட்டில் ஏறியதும் பிரேக் பிடித்துவிட்டேன். கீழ்க்கண்டம் முழுவதும் கதிர் தள்ளி நின்றது. வரம்பு முட்டத் தண்ணீர். பன்றி புகாமல் முள்வேலிகூட அடைத்திருந்தது. காக்கா செருப்பைக் கழற்றிவிட்டு வயலுக்குள் இறங்கினார். ஒரு கதிரைக் கையில் ஏந்தி, "யா அல்லாஹ்" என்றார்.

தங்கராசா மதகடியில் இருந்தார். அவருடைய இடது கை கட்டுப்போட்டுக் கழுத்தில் தொங்கியது.

"கையில என்ன அண்ணன்?" என்று கேட்டேன்.

"கொஞ்சப் பேர் வந்து, ஆருக்குத் தண்ணி விடுறாய் எண்டு கேட்டாங்க. வெள்ளாமைக்கு எண்டன்."

வந்தவர்கள் யாரென்று அவர் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

"அதுக்குப் பிறகும் திறந்த நீங்களா?" காக்கா கேட்டார்.

"ஒத்தக் கையால நான் எங்க திறக்கிற? அடுத்த தண்ணி முறைக்கு எங்கட பக்கத்துச் சங்கத்து ஆக்கள் எல்லாரும் வந்து திறந்தாங்க. பொம்புளையளும் வந்தாங்க. அத்தனை பேரையும் என்னெண்டு அடிக்கிற?"

காக்கா அவருடைய நல்ல கையைப் பிடித்துக்கொண்டார். "எங்களுக்காக ஏன் மனே இவ்வளவும்?"

தங்கராசாவுக்கு அந்தக் கேள்வி விளங்கவில்லைபோல. "முறைத் தண்ணி கீழ்க்கண்டத்துக்கும் உண்டு எண்டு கூட்டத்தில எல்லாருமாத்தானே முடிவெடுத்த நாம? அத மாத்த வேற கூட்டம் ஒண்டும் நடக்கல்லையே காக்கா."

அன்று பின்னேரம் டிரெக்டரிடம் இதைச் சொன்னேன்; ப்ரொஜெக்ட்டை மூடும் பேச்சை அவர் பிறகு எடுக்கவில்லை. அந்தப் போகம் இரண்டு கண்டமும் அறுவடை கண்டது.

அந்தச் சங்கத்தின் விதிகளை யாப்பாக எழுதிக் கொடுத்தவன் நான். கூட்டம் நடத்தப் பழக்கியவனும் நான்தான். ஆனால் ஒரு கூட்டத்து முடிவு இவ்வளவைத் தாங்கும் என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை. ஒரு சங்கம் பலமானதா என்று எப்படிப் பார்ப்பது என்று புதிதாக இந்த வேலைக்கு வரும் பிள்ளைகள் கேட்பார்கள். நீங்கள் போக முடியாமல் இருந்த நாட்களில் அங்கே என்ன நடந்தது என்று விசாரியுங்கள் என்பேன்.