ஆயக்கட்டு இல்லாத ஏரி

கள்ளிக்குப்பத்தைத் தாண்டி, ஏரிக்கரையின் அடியில் இருந்தது எங்கள் தெரு. அதற்குப் பெயர் கிடையாது. வயல்களில் கூலி வேலை செய்தவர்கள் நிலத்துக்காரர்கள் காட்டிய இடத்தில் குடிசை போட்டுக்கொண்டு உருவான தெரு அது. பட்டா வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை, யாரும் கொடுக்கவும் இல்லை. என் நைனா அங்கேதான் பிறந்தார். நான் வளர்ந்து வருவதற்குள் வயல்களை விற்றுவிட்டார்கள். நாற்று நட்ட இடத்தில் ஷெட்டுகளும் லாரி நிறுத்தும் மைதானங்களும் வந்தன. நைனா அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு ஃபவுண்டரிக்கு மணல் அள்ளப் போனார். பத்தாவது முடித்ததும் நான் அதே எஸ்டேட்டில், மோட்டாருக்குக் காயில் சுற்றும் சின்னக் கம்பெனி ஒன்றில் சேர்ந்தேன்.

வயல் போனாலும் ஏரி போகவில்லை. ஐப்பசி, கார்த்திகையில் தண்ணீர் கரையைத் தொட்டு நிற்கும். தை முடிந்ததும் மெல்லப் பின்வாங்கும். பின்வாங்கிய ஈர மண்ணில் பொன்னாங்கண்ணி படரும், மாடுகள் மேயும். சித்திரையில் நடுவில் ஒரு குட்டை மட்டும் மிஞ்சும். அதன் சேற்றில் விரால்கள் ஒடுங்கிக் கிடக்க, நாரைகள் சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருக்கும். கோடையிலும் எங்கள் தெருக் கிணறுகளில் வாளி தண்ணீரைத் தொட்டதென்றால் அது ஏரியால்தான். கரைமேல் வேப்பமரத்தடியில் கன்னிமார் கற்கள் இருந்தன. ஆடியில் அங்கே கூழ் ஊற்றுவோம். தெருவிலிருந்த கிறிஸ்துவக் குடும்பங்கள் குருத்தோலை ஞாயிறன்று ஓலை பிடித்துப் பாடிக்கொண்டு அதே கரைமேல்தான் கோயிலுக்குப் போவார்கள். நான் வேலைக்குப் போகும் வழியும் அதுதான். இத்தனையும் சேர்ந்ததைத்தான் நாங்கள் ஏரி என்று சொல்லிவந்தோம்.

எண்பதுகளின் நடுவில் ஒரு கோடையில், கரைமேல் இருந்த பனைமரத்தில் யாரோ ஒரு நோட்டீசை ஆணி அடித்துவிட்டுப் போனார்கள். அதை முதலில் பார்த்தவர் பக்கத்து வீட்டு அக்கா. அவர் கத்தோலிக்கர். நாங்கள் சுற்றிய காயில்களைச் சோதித்துப் பார்ப்பது அவருடைய வேலை. கணவர் இறந்தபின் இரண்டு பெண்களைத் தனியாக வளர்த்துக்கொண்டிருந்தார். வாய் நீளம் என்று தெருவில் அவருக்குப் பெயர்.

"இத்தப் படி மே," என்றார். "என் கண்ணுதான் கெட்டுப்போச்சான்னு பாக்குறேன்."

படித்தேன். ஆயக்கட்டு இல்லாததால் உபயோகமற்றுப்போன இந்த ஏரி வீட்டுமனைத் திட்டத்துக்கு எடுத்துக்கொள்ளப்படுகிறது, ஆட்சேபம் உள்ளவர்கள் ஆபீசுக்கு வந்து சொல்லலாம் என்று இருந்தது. ஆயக்கட்டு என்றால் ஏரித் தண்ணீர் பாய்கிற வயல்கள் என்று நைனா விளக்கினார். 

ஆட்சேப மனுவை என் பெயரில் எழுதினேன். தெருப் பெண்கள் கீழே கையெழுத்தும் கைநாட்டும் வைத்தார்கள். விசாரணைக்கு நானும் அக்காவும் கம்பெனியில் அரை நாள் லீவு சொல்லிவிட்டுப் போனோம். அதிகாரி கெட்டவர் இல்லை. உட்காரச் சொன்னார், மின்விசிறியை எங்கள் பக்கம் திருப்பக்கூடச் சொன்னார்.

"பாரும்மா, ஏரின்னா எதுக்கு? பாசனத்துக்கு. பாசனம் எதுக்கு? வயலுக்கு. இப்ப அங்க வயல் இருக்கா?"

"இல்ல சார்," என்றேன்.

"அப்ப ஏரியும் இல்ல."

அக்கா நாற்காலியின் நுனிக்கு வந்தார். "ஏரி இல்லன்னா, அதுல நிக்கிற தண்ணி இன்னா சார்?"

"அது மழைத்தண்ணிம்மா. பள்ளத்துல தேங்கி நிக்குது."

"மழைத்தண்ணி பள்ளத்துல தேங்கி நின்னா அதுக்குப் பேரு இன்னா சார்?"

பக்கத்து மேசையில் இருந்த கிளார்க் சிரிப்பை அடக்கக் குனிந்துகொண்டார். அதிகாரியும் சிரித்தார். சிரித்துக்கொண்டே, "அதெல்லாம் ரெகார்டுல வராதும்மா," என்றார்.

"கெணத்துல தண்ணி கீறது வருமா சார்? மாடு மேயறது? மீனு?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. அதுவரை எந்த ஆபீசிலும் நான் உரக்கப் பேசியதில்லை. அவர் தலையை ஆட்டிவிட்டு, எங்கள் எதிரிலேயே, ஆட்சேபம் ஏற்கத்தக்கதல்ல என்று எழுதினார்.

பஸ்ஸில் திரும்பும்போது எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வயலை விற்றவர்களை யாரும் எதுவும் கேட்கவில்லை. அவர்கள் விற்றதற்காக ஏரியை அழிக்கிறார்கள். இதை விடக் கூடாது என்று அந்த பஸ்ஸிலேயே முடிவு செய்தேன்.

அக்காவின் சர்ச் பங்கைச் சேர்ந்த ஒருவர் மூலம் பூந்தமல்லியில் ஒரு வக்கீலைப் பிடித்தோம். அவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "கரைமேல கன்னிமார் கோயில் இருக்குன்னு சொல்றீங்க இல்ல? அதை மட்டும் வெச்சு கேஸ் போடலாம். கோயில்னா கோர்ட்ல சீக்கிரம் தடை கிடைக்கும்," என்றார்.

எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. சுலபமான வழி. ஆனால் எப்போதும் பேசிக்கொண்டே இருக்கும் அக்கா அன்று பேசவில்லை. அந்த மனுவில் அவருக்கு இடமில்லை என்பது எனக்கு பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கும்போதுதான் உறைத்தது. அவர் அதைச் சொல்லிக் காட்டவில்லை.

"கோயில்னு போட்டா, கோயில மட்டும் உட்டுட்டு சுத்தி மண்ணு கொட்டுவான் மே," என்றார். "அப்பால உங்க கன்னிமாருங்க பிளாட்டுங்களுக்கு நடுவுல காத்துகூட வராம குந்திகினு இருக்கும்."

அடுத்த வாரம் வக்கீலிடம் திரும்பப் போனேன். "கல்லும் வேணும் சார், ஓலை புடிச்சிகினு போற வழியும் வேணும். கெணறு, மாடு, மீனு, கீரை, எல்லாம் வேணும். எல்லாத்தையும் எழுதுங்க."

"அப்படி எழுதினா கேஸ் நிக்காதும்மா."

"நாங்க நிக்கிறோம் சார்."

 அவர் பேனாவைத் திறந்தார்.

கோர்ட் பேசுவதற்கு முன்பே லாரிகள் வந்துவிட்டன. கட்டிட இடிபாடுகளை ஏற்றிக்கொண்டு வந்து ஏரியின் மறுகோடியில் கொட்டினார்கள். எங்கள் பக்கம் கரையை வெட்டி வழி செய்ய வந்த அன்று பெண்கள் எல்லாரும் கரைமேல் உட்கார்ந்துவிட்டோம். சிலர் கைக்குழந்தையோடு வந்தார்கள். அக்கா ஜெபமாலையை உருட்டிக்கொண்டே டிரைவர்களைத் திட்டினார். போலீஸ் வேனில் ஏற்றி ஒரு கல்யாண மண்டபத்தில் வைத்தார்கள். சாயங்காலம் விட்டதும் வீட்டுக்குப் போகாமல் நேரே கரைக்கு வந்தோம். வெட்டியிருந்தார்கள், ஆனால் முழுதாக இல்லை. மறுநாள் அந்த வெட்டுக்குள்ளேயே உட்கார்ந்தோம். லாரி திரும்பிப் போயிற்று.

அதற்குப் பிறகுதான் ஆபீஸ்காரர்கள் வேறு விதமாக வந்தார்கள். ஆட்சேபத்தைத் திரும்பப் பெறுகிற குடும்பங்களுக்குத் திட்டத்திலேயே குடும்பத்துக்கு ஒரு மனை தருவதாகச் சொன்னார்கள்.

அன்று நைனா ஷிப்ட் முடிந்து வந்து, குளித்து, வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு என் எதிரில் உட்கார்ந்தார். நகக்கண்ணில் மட்டும் ஃபவுண்டரிக் கரி போகாமல் இருந்தது.

"பொறந்ததுலேர்ந்து அட்த்தவன் நெலத்துலதாம்மா நின்னுகினு கீறேன்," என்றார். "நடுன்னா நட்டேன், அறுன்னா அறுத்தேன். இந்த ஊடுகூட எவனோ கை காட்ன எடம். இப்பதான் ஒரு துண்டு என் பேர்ல வரேன்னுது. கையெழுத்து போட்ரு."

"அது ஏரி நைனா."

"ஏரி எனக்குத் தெரியாதா? நீ பொறக்கறதுக்கு மின்னாடியே அந்தச் சேத்துல நின்னவன் நான். எனக்கே பாடம் எடுக்காத."

அவர் சொன்னதில் பொய் ஏதும் இல்லை.  "அட்த்தவன் நெலம் வாணாம்னுதானே சொல்ற? இது எல்லாருது நைனா. அத்தக் கூறு போட்டு உனக்கு ஒரு துண்டு குடுக்கறான்."

"எல்லாருதுன்னா எவனுதும் இல்ல. நீ இப்டியே கத்திகினு கெட. நான் இப்டியே சாவறேன்."

எழுந்து வெளியே போய்விட்டார். நான் கையெழுத்துப் போடவில்லை. அந்த மழைக்காலம் முழுக்க அவர் என்னோடு பேசவில்லை. அம்மா நடுவில் நின்று இருவருக்கும் சோறு போட்டார்.

பெற்ற அப்பனுக்கு வரவிருந்த நிலத்தைத் தடுத்தவள் என்று உறவில் இன்றும் என்னைச் சொல்வார்கள். தடுத்தது உண்மைதான். ஆனால் அவருக்கு நிலம் கொடுத்திருக்க வேண்டியவர்கள் அவர் உழைத்த வயலை விற்றவர்கள். விற்கும்போது அவரைக் கூப்பிட்டு உனக்கு என்ன வேண்டும் என்று எந்த ஆபீசும் கேட்கவில்லை. கடைசியில் கொடுக்கத் தோன்றியபோது, தெருவே குடிக்கும் தண்ணீரிலிருந்து எடுத்துக் கொடுக்கப் பார்த்தார்கள். இன்று அந்தக் காகிதத்தை நீட்டினாலும் கையெழுத்துப் போட மாட்டேன்.

கோர்ட் தடை கொடுத்தது, தாமதமாக. அதற்குள் ஏரியின் மறுபாதி மண்ணுக்கடியில் போய்விட்டது. எங்கள் பக்கத்துப் பாதி தப்பித்தது. நிரப்பிய பாதியில் வீடுகள் வந்தன. எங்கள் தெருவிலிருந்து சில குடும்பங்களும் மனை வாங்கிக்கொண்டு அங்கே போயின. அவர்களோடு நாங்கள் சண்டை போடவில்லை. கிரகப்பிரவேசத்துக்குக் கூப்பிட்டார்கள், போய்ச் சாப்பிட்டோம்.

தொண்ணூறுகளில் ஒரு பெருமழையில் அந்த வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. அதன்பிறகு ஆபீசுகளுக்கு ஏரி ஞாபகம் வந்தது. நீர்நிலையைக் காக்க வேண்டும் என்றார்கள். காப்பது எப்படி? எங்கள் தெருவுக்கு நோட்டீஸ் அனுப்பினார்கள். நாங்கள் ஏரி நிலத்தை ஆக்கிரமித்திருக்கிறோமாம்.

இந்த முறை விசாரணைக்கு நைனாவும் வந்தார். வேலையிலிருந்து நின்றுவிட்டிருந்தார், இருமல் விடாமல் இருந்தது. நாங்கள் சொல்லாமலே முன்வரிசையில் போய் உட்கார்ந்தார். அதிகாரி புதியவர், இளையவர். வரைபடத்தை விரித்து, "நீங்க எல்லாரும் ஏரிக்குள்ள இருக்கீங்க," என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் நைனா எழுந்தார். "கரைக்கு வெளிய கீறோம் சார். ஏரிக்கு உள்ள ஊடு கட்னவனுக்குப் பட்டா, வெளிய கீறவனுக்கு நோட்டீசா? இத்த எந்தச் சட்டத்துல எழுதிக் கீது?"

"அவங்களுக்கு அரசாங்கம் ஒதுக்கின இடம் பெரியவரே. உங்ககிட்ட பட்டா இருக்கா?"

"அத்தக் குடுன்னுதானே சார் வந்து குந்திகினு கீறேன்."

அக்கா கைதட்டிவிட்டார். அதிகாரி முகம் சிவந்து, விசாரணையைத் தள்ளிவைத்தார். வெளியே வந்து மூவரும் டீ குடித்தோம். அந்த மனை விஷயத்தில் நான் செய்தது சரி என்று நைனா அன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கண்ணாடி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "அட்த்த வாட்டியும் என்னக் கூட்டிகினு வா," என்றார். போனபோதெல்லாம் கூட்டிப் போனேன், அவர் நடக்க முடிந்தவரை.

பட்டா வரவில்லை. தெருவை அவர்களால் எடுக்கவும் முடியவில்லை. நைனா இறந்த வருடம், இடிக்க வேண்டிய வீடுகளுக்கு அடையாளம் போட பெயின்ட் டப்பாவோடு ஒரு ஆளை அனுப்பினார்கள். சுவரில் பெரிய மஞ்சள் எண் எழுதிவிட்டுப் போனான். மண்ணெண்ணெயில் துணியை நனைத்துத் தேய்த்து அழித்தேன். பத்து நாள் கழித்து மறுபடி வந்து எழுதினான். மறுபடி அழித்தேன். தெருவில் மற்றவர்களும் அழித்தார்கள். கடைசியாக வந்தபோது, என் வாசலில் நின்று பிரஷ்ஷைத் தொங்கவிட்டுக்கொண்டு கேட்டான்:

"இன்னாக்கா, இதையும் அழிச்சிடுவியா?"

"அழிப்பேன்."

"எனக்கு எழுதச் சொல்லிக் கீறாங்கக்கா."

"எழுதிக்கோ. நீ எழுது, நான் அழிக்கிறேன்."

அவன் சின்னதாக ஒரு எண் எழுதினான். அவன் அடுத்த வீட்டுச் சுவருக்குப் போவதற்குள் நான் துணியை எடுத்துவிட்டேன்.