கட்டைவிரல் வாத்தியார்

என் அக்கா புருஷனுக்கு ஊர் வைத்த பெயர் கட்டைவிரல் வாத்தியார். சைக்கிள் கடைக்கு மேலே ஒரு மாடி அறை, நாலு பெஞ்சு, கால் ஆடும் கரும்பலகை. வேலைக்குப் போகிறவர்களுக்கு மாலையில் அங்கே இங்கிலீஷ் சொல்லித்தந்தார். "செய்கிறவன் ஐ, படுகிறவன் மீ" என்பதுதான் முதல் பாடம். தனியாக வந்தால் எல்லோரும் சமாளித்துவிடுவார்கள். கூட இன்னொரு ஆள் சேர்ந்துவிட்டால் ஐ போடுவதா மீ போடுவதா என்று திருதிரு முழிப்பார்கள். அதற்கு அத்தானிடம் ஒரு கைவைத்தியம் இருந்தது. பலகையில் எழுதிய வாக்கியத்தில் அந்த இன்னொரு ஆளைக் கட்டைவிரலால் மூடிவிட்டு, மிச்சத்தைப் படிக்கச் சொல்வார். எது சரியென்று அவரவர் காதே சொல்லிவிடும்.

ஊருக்குத்தான் உபதேசம் என்பார்கள். அத்தான் அப்படியில்லை, வீட்டுக்கும் சேர்த்தேதான். மகள் பள்ளிக்கூடம் சேர்ந்த வருஷம், சாப்பாட்டு மேஜையில் இங்கிலீஷ் மட்டும்தான் என்று சட்டம் போட்டார். தப்பாகச் சொன்னால், திருத்திச் சொல்லும்வரை பதில் கிடையாது. மகள் சட்டென்று பிடித்துக்கொண்டாள். படித்து, வேலை கிடைத்து, கல்யாணமாகி வெளியூர் போனாள். சட்டம் மட்டும் வீட்டிலேயே தங்கிவிட்டது. அக்காவுக்கு அந்தப் பாஷை கடைசிவரை மசியவில்லை. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பது மற்ற வீடுகளுக்கு. அந்த மேஜையில் வாயை மூடினவள்தான் பிழைத்தாள். தண்ணீர் வேண்டுமென்றால்கூட கட்டைவிரலை வாய்ப்பக்கம் சாய்த்துக் காட்டுவாள். அவருக்கு ஒரு விரல் என்றால் தனக்கும் ஒரு விரல் என்று என்னிடம் சொல்லிச் சிரிப்பாள்.

ஒருநாள் சமையலறையில் மயங்கி விழுந்தாள். நானும் அத்தானும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். எப்போதிருந்து வயிற்றுவலி என்று டாக்டர் கேட்டார். அத்தான் அக்காவைப் பார்த்தார். வலி இருந்ததே அவருக்குத் தெரியாது. போன மழைக்காலத்தில் ஆரம்பித்தது என்றாள் அக்கா.

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னேனே. சாப்பிடும்போது மீ பெயின்னு சொன்னேன். நீங்க திருத்தினீங்க. திருப்பிச் சரியா சொல்ல எனக்கு வரல. விட்டுட்டேன்."

குறை சொல்கிற குரலே இல்லை. பஸ்ஸைத் தவறவிட்டதைச் சொல்வதுபோலச் சொன்னாள். அத்தானுக்கு அந்த நாள் நினைவு வந்துவிட்டது, முகத்திலேயே தெரிந்தது. நோய் எல்லா இடமும் பரவிவிட்டது, முன்பே வந்திருந்தால் ஏதாவது செய்திருக்கலாம் என்றார் டாக்டர்.

அத்தான் மாடி அறையைப் பூட்டிவிட்டு, கட்டிலோரமே கதியென்று கிடந்தார். என்னிடம் அக்கா ஓயாமல் பேசுவாள். பக்கத்துக் கட்டில்காரியின் குறட்டை முதல் மகள் வீட்டுத் திரைச்சீலை வரைக்கும். அவர் உள்ளே வந்தால் பேச்சு நின்றுவிடும். கோபத்தில் இல்லை, வாய் அப்படிப் பழகிவிட்டது. நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்க வேண்டுமென்று எழுவேன், அவர் உட்கார்ந்திருக்கும் கோலத்தைப் பார்த்து அடங்கிவிடுவேன்.

ஒரு மத்தியானம் ஸ்டூலை நெருக்கிப் போட்டு உட்கார்ந்தார்.

"ஏதாவது பேசு. நம்ம பாஷையிலயே பேசு. எப்படிப் பேசினாலும் கேக்கறேன்."

அக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு ஒருமுறை அசைந்தது. பிறகு கையை மெல்லத் தூக்கி, கட்டைவிரலை வாய்ப்பக்கம் சாய்த்தாள்.

அத்தான் எழுந்து தண்ணீர் ஊற்றினார்.