நீலப் பட்டை எதன்மேல் இருக்கிறது

அன்பரசன் கம்ப்யூட்டரைப் போட்டுவிட்டுக் காத்திருந்தான். உள்ளே விசிறி சுற்றும் சத்தம் கேட்டது. அதற்குப் பின் வரவேண்டிய குரல் வரவில்லை.

திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் குரல் அது. அது இல்லையென்றால் அவனுக்குக் கம்ப்யூட்டர் வெறும் தகரப் பெட்டி. எம். புதுப்பட்டிப் பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்கும் அறையில் வேலை பார்த்தபோது, இருபத்திரண்டு வயதில், அவனுக்கு இரண்டு கண்களும் போயின. வெகுநாள் வீட்டுக்குள்ளேயே கிடந்தான். பிறகு மதுரைக்குப் போய்க் கம்ப்யூட்டர் படித்தான். இப்போது விருதுநகரில் வாடகை வீட்டில் இருந்துகொண்டு, பார்வையற்ற பிள்ளைகளுக்குப் பாடப் புத்தகங்களை ஒலிப்பதிவாக்கித் தருகிறான். வாசிப்பவர் ஜெமிமா டீச்சர். அவருடைய இருமலையும் தடுமாற்றத்தையும் வெட்டி, பாடம் பாடமாகப் பிரித்து அனுப்புவது இவன் வேலை.

மறுநாள் பிளஸ் டூ வரலாற்றுப் பரீட்சை. முந்தின சாயந்தரம்தான் ஜெபிஷா என்ற மாணவி போன் செய்திருந்தாள்.

"சார், கடைசி மூணு பாடம் இன்னும் வரல சார்."

"முடிச்சு வச்சிருக்கேன்மா. காலையில மூணையும் சேர்த்து அனுப்பிருதேன்."

ராத்திரி ஏதோ அப்டேட் ஓடிக்கொண்டிருந்தது. அதை அப்படியே விட்டுவிட்டுப் படுத்தான். காலையில் இந்த நிலைமை. எழுத்தை வாசித்துச் சொல்லும் செயலியைப் போனில் திறந்து, போனைத் திரைக்கு நேராகப் பிடித்தான். விண்டோஸ் தொடங்க முடியவில்லை என்று அது ஆங்கிலத்தில் சொன்னது.

வழி இல்லாமல் இல்லை. முன்பொரு தடவை ஹார்ட் டிஸ்க் கெட்டு மாதக்கணக்கான வேலை அழிந்தபோது, அவன் நண்பன் ஜெயசுந்தர் ஒரு ஏற்பாடு செய்து கொடுத்திருந்தான். கம்ப்யூட்டருக்குள் இருக்கும் டிஸ்கை, விண்டோஸ், பேசும் குரல், பாடங்கள் எல்லாவற்றோடும் அப்படியே இன்னொரு டிஸ்கில் பிரதி எடுத்து வைக்கும் சாஃப்ட்வேர் அது. ஞாயிற்றுக்கிழமைதோறும் அன்பரசன் தானே பிரதி எடுப்பான். திருப்பிப் போடுவதுதான் சிக்கல். விண்டோஸ் எழாத நேரத்தில் பென்டிரைவிலிருந்து ஓடும் அந்த சாஃப்ட்வேருக்குப் பேசத் தெரியாது. "அப்ப என்னையக் கூப்பிடு" என்று ஜெயசுந்தர் சொல்லியிருந்தான்.

கூப்பிட்டான். சுவிட்ச் ஆஃப். ஜெயசுந்தர் பள்ளிக்கூட ஆசிரியர். பரீட்சை ஹாலில் மேற்பார்வை. மதியம் வரை போன் கையில் இருக்காது. ஜெமிமா டீச்சருக்கும் அதே டூட்டிதான்.

மனைவி வள்ளித்தாய் தூக்குவாளியோடு வாசலில் நின்றாள். தீப்பெட்டிக் கம்பெனி வேன் தெருமுனையில் ஹாரன் அடித்தது.

"என்னங்க, ஒரு மாதிரியா இருக்கீக?"

"கம்ப்யூட்டர் பேச மாட்டேங்குது."

"ஜெயசுந்தர் அண்ணன் சாயந்தரம் வந்து பாக்க மாட்டாகளா?"

"சாயந்தரம் அனுப்புனா அந்தப் புள்ள எப்பக் கேக்கும், எப்பப் படிக்கும்?"

மறுபடி ஹாரன். வள்ளித்தாய் தூக்குவாளியைக் கீழே வைத்துவிட்டு வெளியே போனாள். வேன் கிளம்பும் சத்தம் கேட்டது. திரும்பி வந்து அவன் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள்.

"சொல்லுங்க. நான் என்ன பாக்கணும்?"

பென்டிரைவைச் செருகினான். பிரதி இருந்த டிஸ்கையும் ஒயரில் மாட்டினான். விசைகளை விரல்கள் அறியும். திரையில் பட்டியல் வந்ததும் போனைக் காட்டினான். இரண்டு டிஸ்க், இரண்டும் ஒரே அளவு என்று போன் வாசித்தது. எதைத் தேர்ந்தெடுக்கும் நிலையில் இருக்கிறது என்று மட்டும் அதற்குச் சொல்லத் தெரியவில்லை.

"ஒரு வரி மேல மட்டும் நீலப் பட்டை கிடக்கு" என்றாள் வள்ளித்தாய்.

"அதுதான் வேணும். நல்லாக் கேளு. ஒண்ணு உள்ள இருக்க கெட்ட டிஸ்க். இன்னொண்ணு வெளிய இருக்க நல்ல டிஸ்க். நல்லதைப் பாத்துக் கெட்டதுல எழுதணும். மாத்திச் சொல்லிட்டோம்னா கெட்டதைப் பாத்து நல்லதுல எழுதிரும். அப்புறம் ஒண்ணும் மிஞ்சாது."

"எது எதுன்னு எப்படிங்க தெரியும்?"

அன்பரசன் கொஞ்ச நேரம் யோசித்தான். பிறகு வெளி டிஸ்கின் ஒயரைப் பிடுங்கிவிட்டு, எல்லாவற்றையும் அணைத்து மறுபடி தொடங்கினான்.

"இப்ப எத்தனை வரி?"

"ஒண்ணுதான்."

"அதுதான் உள்ள இருக்கது. அந்த வரிக் கடைசியில என்ன நம்பர் போட்டிருக்கு?"

"எழுபத்தி நாலு."

ஒயரை மாட்டி மீண்டும் தொடங்கினான். புதிதாக வந்த வரியின் முடிவில் இருபத்தொன்பது என்றாள். இருபத்தொன்பதிலிருந்து எழுபத்தி நாலுக்கு. இருவரும் மாறி மாறிச் சொல்லிப் பார்த்துக்கொண்டார்கள்.

எதிலிருந்து என்று முதல் கேள்வி. "பட்டை எழுபத்தி நாலு மேல இருக்கு." அம்புக்குறியைக் கீழே தட்டினான். "இப்ப இருபத்தொன்பது." எண்டரை அழுத்தினான். எதற்கு என்று அடுத்த கேள்வி. அதையும் கடந்தார்கள்.

கடைசித் திரையில் வள்ளித்தாய் பேச்சை நிறுத்திவிட்டாள்.

"என்ன வள்ளி?"

"சேப்பு எழுத்துல வந்திருக்குங்க. நாம முதல்ல எடுத்தது இருபத்தொன்பது, ஆனா இங்க எழுபத்தி நாலுதான் மேல இருக்கு. மாறிப் போச்சோ?"

அன்பரசன் விசையிலிருந்து விரலை எடுத்தான். போனைக் காட்டினான். இலக்கு டிஸ்கில் உள்ளது முழுவதும் அழியும், தொடரலாமா என்று வாசித்தது. நம்பர்களை ஒன்றோடொன்று குழப்பியது. இரண்டாம் தடவையும் அதே குழப்பம்.

"டி எழுத்து தெரியும்ல? எதுல எழுதப் போகுதோ அதுக்கு டார்கெட்டுன்னு போட்டிருக்கும். நட்டுக்க ஒரு கோடு, தலையில படுக்கையா ஒரு கோடு."

"தெரியும்."

"அந்த வார்த்தைக்கு நேரா என்ன நம்பர்?"

வள்ளித்தாய் முந்தானையால் திரையைத் துடைத்துவிட்டு, கிட்டத்தில் குனிந்து பார்த்தாள்.

"எழுபத்தி நாலு. ஆனா நான் அமுக்க மாட்டேங்க. எம்புட்டு வேலை அதுக்குள்ள இருக்கு. என் கையால போச்சுன்னா தாங்க மாட்டேன்."

"நீ அமுக்க வேண்டாம். பாத்ததைச் சொல்லு, போதும்."

"டி-க்கு நேரா எழுபத்தி நாலுதான்."

இன்னொன்றும் அவன் மனதில் ஓடியது. கெட்ட டிஸ்கில்தான் ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு செய்த வேலை இருந்தது. மூன்றாவது பாடம் அதில் போய்விடும். ஒன்றைக் கொடுத்து இரண்டை வாங்க வேண்டும். வேறு வழி தெரியவில்லை. விசையைத் தடவிக் கண்டுபிடித்து அழுத்தினான்.

ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடியது. பச்சைக் கோடு நகர நகர வள்ளித்தாய் சொல்லிக்கொண்டே வந்தாள். நடுவில் ஒருமுறை மின்சாரம் மங்கி, மேலே ஓடிய ஃபேன் தளர்ந்தது. ஃபேன் பழையபடி சுற்றியது.

முடிந்ததும் ஒயரையும் பென்டிரைவையும் கழற்றிவிட்டுத் தொடங்கினான். விசிறிச் சத்தம். அப்புறம் ஒன்றுமில்லை. வள்ளித்தாய் அவன் தோளைப் பிடித்திருந்தாள். அவன் எழுந்துவிடலாம் என்று நினைத்த நேரத்தில் குரல் பேசியது. அவன் அசையாமல் அது சொன்னதை முழுக்கக் கேட்டான். வள்ளித்தாய் ஸ்டூலைவிட்டு இறங்கித் தரையில் உட்கார்ந்துகொண்டாள்.

இரண்டு பாடங்கள் இருந்தன. உடனே அனுப்பினான். மூன்றாவது இல்லை.

"வள்ளி, அந்தப் புத்தகத்தை எடு. நீ வாசி."

"நானா? எட்டாங் கிளாஸோட நின்னவ."

"தமிழ்தான? வாசி."

ஜன்னலைச் சாத்தி, மைக்கை அவள் முன் வைத்தான். பெயர்களில் தடுக்கினாள், நீளமான வாக்கியங்களில் மூச்சு வாங்கினாள், அடுத்த வீட்டுக் குக்கர் விசிலடித்தபோது நிறுத்தி நிறுத்தி வாசித்தாள். வெட்டிச் சீராக்க முடிந்தவரை சீராக்கி, மதியத்துக்குள் அனுப்பினான்.

சாயந்தரம் ஜெபிஷா கூப்பிட்டாள்.

"மூணும் கேட்டேன் சார். கடைசிப் பாடத்துல ஒரு வருஷத்தை மாத்தி வாசிச்சிருக்காங்க. ஃப்ரெண்டுகிட்டக் கேட்டுச் சரி பண்ணிக்கிட்டேன்."

வள்ளித்தாய்க்கு அதைச் சொன்னபோது முகம் சுருங்கியிருக்க வேண்டும். பிறகு, "எந்த வருஷம்னு கேட்டீகளா?" என்றாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அன்பரசன் ஜெயசுந்தரை வரச்சொன்னான். வேண்டாத பழைய டிஸ்குகள் இரண்டை மாட்டி, வள்ளித்தாயைத் தனியாகச் செய்து பார்க்கச் சொன்னார்கள். முதல் தடவை அவள் மாற்றித்தான் தேர்ந்தெடுத்தாள். இரண்டாம் தடவை சரியாகச் செய்தாள், அமுக்கியதும் அவளேதான்.