இருமிக் கறந்த மாடு

மழை ஈரத்தில் ஊறிய தோலும் வைக்கோலும் உப்பும் கலந்த ஒரு வாடை உண்டு. சிராங்கூன் சாலையின் மாட்டுக் கொட்டில்களுக்கு நடுவே, அத்தாப்பு ஓலை வேய்ந்த எங்கள் வீட்டில் அந்த வாடையோடுதான் நான் கண் விழிப்பேன். செத்துப்போன கன்றின் தோலுக்குள் வைக்கோலைத் திணித்து, கண்ணுக்குச் சோழி பதித்து அப்பா செய்த "தோல்கன்றின்" வாடை அது. அதை முன்னால் நிறுத்தி உப்புநீர் தெளித்தால்தான் எங்கள் செவலைப் பசு அதை நக்கிக்கொண்டே பால் இறக்கும். மாட்டை ஏமாற்றத்தான் அது என்பார்கள். எனக்கென்னவோ அந்தச் சோழிக்கண் எங்களையும் பார்த்துக்கொண்டிருப்பதாகவே பயம்.

அந்த மழைக்காலத்தில் அப்பா இருமி இருமியே போய்ச் சேர்ந்தார். செவலை பாலை அடக்கிக்கொண்டது. அதன் மடி வற்றினால் எனக்கும் அம்மாவுக்கும் கஞ்சி இல்லை. அம்மா, அழுது வீங்கிய முகத்தோடு அப்பாவின் பழைய கோட்டை மாட்டி, அவருடைய முண்டாசைக் கட்டி, அவரைப் போலவே இருமிக்கொண்டு மடியைத் தொட்டாள்; பால் இறங்கியது. "ஆடிக் கறக்குற மாட்ட ஆடிக் கறக்கணும், பாடிக் கறக்குற மாட்டப் பாடிக் கறக்கணும். இது இருமிக் கறக்குற மாடு" என்று சொல்லிச் சிரிக்கவும் செய்தாள்.

பிறகு அம்மாவும் காய்ச்சலில் விழுந்தாள். "இனிமே என்னால முடியாதும்மா" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள். விடியும் நேரத்தில், முழங்காலுக்குக் கீழே தொங்கிய அந்தக் கோட்டுக்குள் புகுந்துகொண்டு நானே கொட்டிலுக்குப் போனேன். இரும வேண்டும், பயத்தில் ஒரு சத்தமும் வரவில்லை. அப்போது, தோல்கன்று நின்ற மூலையிலிருந்து, அடிநெஞ்சைக் கிழித்துக்கொண்டு வரும் அந்தப் பழைய இருமல் கேட்டது. செவலை காதை அசைத்தது. பால் செம்பில் பீய்ச்சி விழுந்தது. நான் திரும்பிப் பார்க்காமல் கறந்து முடித்தேன்.

உள்ளே அம்மா எழுந்து உட்கார்ந்திருந்தாள். "உங்கப்பா மாதிரியே இருமுறியேடி. நீயே கறக்கும்போது நான் படுத்துக் கெடக்கலாமா?" என்றாள். மறுநாள் கோட்டை அவளே மாட்டிக்கொண்டாள்.

கொட்டில்கள் இருந்த இடத்தில் இன்று கடைகள். நான் பிடோக்கில் ஓர் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறேன், பால் பெட்டியில் வருகிறது. அம்மா சாகும்வரை, முடியாத நாட்களிலெல்லாம், என்னுடைய அன்றைய இருமலைச் சொல்லிச் சொல்லித்தான் எழுந்து வேலைக்குப் போனாள். இருமியது நான் இல்லை என்று கடைசிவரை அவளிடம் நான் சொல்லவே இல்லை.