சுண்ணாம்புக் குழியில் ஒரு போர்க்களம்

பல் டாக்டர்களுக்குச் செயற்கைப் பல் செய்து கொடுக்கும் ஒரு சின்ன லேபில் வேலை பார்க்கிறேன். பெரம்பலூரில்தான். நோயாளியின் வாயில் அளவெடுத்து அனுப்புவார்கள். அந்த அச்சில் பிளாஸ்டரை ஊற்றி, காய்ந்ததும் எடுத்து, அதன்மேல் மெழுகில் பல் செதுக்க வேண்டும். கடவாய்ப் பல்லின் மேடு பள்ளங்களைச் சின்னக் கத்தியால் கீறி எடுப்பதில் எனக்குக் கை நன்றாக ஓடும். பொம்மைப் படைகளை மோதவிடும் இந்த விளையாட்டுக்குள் என்னை இழுத்துவிட்டதும் அந்தக் கத்திதான்.

ஊரடங்கில் லேப் மூடிக் கிடந்தது. மெழுகு செதுக்கும் வீடியோ ஒன்றைப் போனில் பார்த்துக்கொண்டிருந்தேன். அது முடிந்ததும் அடுத்தது தானாக ஓட ஆரம்பித்தது. யாரோ ஒருவர் கையகல இடிந்த வீடு ஒன்றைச் செய்துகொண்டிருந்தார். அவர் கையில் இருந்தது நான் பல் செதுக்கும் அதே கத்தி. செய்து முடித்ததும் கட்டைவிரல் உயர வீரர்களை அந்த வீட்டுக்குள் நிறுத்தி, பகடை உருட்டி, டேப்பால் அளந்து நகர்த்தி, எதிரில் இருந்தவரோடு சண்டை போட்டார். நான் எழுந்து போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்து மறுபடியும் முதலிலிருந்து பார்த்தேன்.

மேடு, சுவர், மரம், பள்ளம் என்று சண்டை நடக்கும் தரைக்கு விளையாடுபவர்கள் டெரைன் என்று பேர் வைத்திருக்கிறார்கள். சதுரங்கத்துக்குக் கட்டம் மாதிரி இதற்கு அது. இங்கே கட்டத்தையும் நாமே கட்ட வேண்டும், அவ்வளவுதான் வித்தியாசம்.

திருச்சியில் இதை விளையாடும் ஒரு குழு இருப்பது தெரிந்து போனில் சேர்ந்தேன். என் படம் இருக்க வேண்டிய இடத்தில் நான் செய்த ஒரு பாறையின் படம் இருந்தது. முதல் தடவை நேரில் போனபோது என் வீட்டுக்காரரும் கூட வந்தார். அவர் அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் டிப்பர் லாரி ஓட்டுகிறார். குழுவை நடத்துபவர் நேராக வந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கி, “சார், உங்க படை என்ன படை?” என்று கேட்டார்.

“எனக்கு டிப்பர்தாங்க தெரியும். படையெல்லாம் அவகிட்ட” என்று இவர் என் பக்கம் கையைக் காட்டினார்.

அதற்குப் பிறகு இரண்டு வருஷம் போய் வந்தேன். போன வருஷம் போட்டி வைப்பதாக அறிவித்தார்கள். பதினாறு பேர், எட்டு மேஜை, ஒரே நாளில் ஆளுக்கு மூன்று ஆட்டம். மேஜைக்கு டெரைன் செய்து தர யார் யாரால் முடியும் என்று கேட்டார்கள். நான் முதல் ஆளாகக் கை தூக்கினேன்.

வீடியோக்களில் எல்லாரும் குண்டு விழுந்த ஐரோப்பிய ஊர்களைத்தான் செய்வார்கள். எனக்கு அது வேண்டாம் என்று தோன்றியது. கல் எடுத்து முடித்துக் கைவிட்ட சுண்ணாம்புக் குழியைச் செய்தேன். அரியலூர் ரோட்டில் போகிறவர்களுக்குத் தெரியும், படிப்படியாக இறங்கும் அந்த வெள்ளைப் பள்ளமும் அடியில் நிற்கும் பச்சைத் தண்ணீரும். பிரிட்ஜ் வந்த பெட்டியின் தெர்மாகோலை ஒரு பலகைமேல் அடுக்கி ஒட்டிக் குழியின் படிகளை வெட்டினேன். லேபில் வேலை முடிந்த பழைய பல் அச்சுகளைச் சாக்கில் போட்டு வைத்திருப்போம். மஞ்சளும் வெள்ளையுமாக இருக்கும். முதலாளியிடம் கேட்டு ஒரு சாக்கை வாங்கி வந்து சுத்தியலால் உடைத்தேன். சுண்ணாம்புப் பாறைக்கு அதைவிடப் பொருத்தமான பொருள் எந்தக் கடையிலும் கிடைக்காது. குடித்து முடித்த டீத்தூளைக் காயவைத்து மண்ணாகத் தூவினேன். வீட்டுக்காரர் மழை முடிந்த ஒரு நாள் ரோட்டோரம் கிடந்த, கல்லாகிப்போன சின்னச் சிப்பி ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். ஒரு காலத்தில் அந்தப் பக்கமெல்லாம் கடலாக இருந்ததில்லையா. அதைக் குழியின் சுவரில் பதித்தேன்.

படம் எடுத்து அனுப்பியதும் குழுவை நடத்துபவர் போன் செய்தார்.

“மேடம், வேலை நல்லாருக்கு. ஆனா ரொம்ப லோக்கலா இருக்கே. இடிஞ்ச சர்ச்சு, கோட்டை, அந்த மாதிரி ஏதாச்சும் பண்ணிருக்கலாம்.”

“இடிஞ்ச சர்ச்சை நீங்க எங்க சார் பாத்தீங்க?”

“பாக்கலதான். ஆனா வர்றவங்க அதைத்தான் எதிர்பார்ப்பாங்க.”

“நான் இந்தக் குழியைப் பத்து வருசமா பாக்குறேன் சார். இது பக்கத்துல சண்டை நடந்தா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். வேற செய்ய மாட்டேன்.”

அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு இன்னொன்று சொன்னார். குழி திறந்த வெளியாக இருக்கிறது, ஒளிய இடமில்லை, வில்லாளி வைத்திருப்பவன் கரையில் நின்றே எல்லாரையும் சாய்த்துவிடுவான் என்றார். அது நியாயமான பேச்சு. அதை நான் மறுக்கவில்லை. ஒரு வாரம் உட்கார்ந்து சீமைக்கருவேலக் குச்சிகளில் புதர்கள் கட்டினேன். துருப்பிடித்த டிப்பர் ஒன்றும் கூரை போன கொட்டகை ஒன்றும் செய்து நடுவில் வைத்தேன். குழி மட்டும் குழியாகவே இருந்தது.

இந்தச் சமயத்தில்தான் என் நாத்தனார், என் வீட்டுக்காரரின் அக்கா, செந்துறையிலிருந்து வந்தார். மகளுக்குக் காது குத்த நாள் பார்த்துவிட்டதாகச் சொன்னார். சொன்ன நாள் போட்டி நடக்கும் அதே ஞாயிற்றுக்கிழமை.

“அண்ணி, அன்னிக்கு எனக்குத் திருச்சியில போட்டி. போன மாசமே உங்ககிட்ட சொன்னேனே” என்றேன்.

“என்ன போட்டி? இந்தப் பொம்மையா?” ஹாலில் இருந்த பலகையை அவர் காலால் காட்டினார். “தாய்மாமன் மடியில புள்ளய வச்சுக் காது குத்துறப்ப, மாமன் பொண்டாட்டி சீர்த்தட்டு எடுத்துட்டு வராம எங்க போனான்னு கேட்டா நான் என்ன சொல்றது? பொம்மை விளையாடப் போயிட்டான்னா? ஊரு சிரிக்காது?”

“உங்க வூட்டுக்காரரு கிரிக்கெட் மேட்ச்னு உங்க கொழுந்தன் நிச்சயதார்த்தத்துக்கே வரலையே அண்ணி. அன்னிக்கு யாரு சிரிச்சாங்க?”

அவருக்கு முகம் சிவந்துவிட்டது. “அவரு ஆம்பள” என்றார். பிறகு என்னைப் பார்க்காமல், தம்பியைப் பார்த்து, “புள்ள இல்லாத குறைக்குப் பொம்மைய வச்சுப் பொழுத ஓட்டுறான்னு ஊரே பேசுது. நான்தான் சொல்லாம இருந்தேன்” என்றார்.

எங்களுக்குக் கல்யாணமாகி ஒன்பது வருஷம். பிள்ளை இல்லை. அதை யார் யாரோ எப்படியெப்படியோ சொல்லிக் கேட்டிருக்கிறேன். விசேஷ வீடுகளில் பெண்களுக்கு நடுவில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டே கேட்டிருக்கிறேன். அன்றைக்குச் சிரிக்க முடியவில்லை.

“குறைக்கு இல்ல அண்ணி. எனக்குப் புடிச்சிருக்கு, செய்யுறேன். நாளைக்கே ஒரு புள்ள பொறந்தாலும் இதை விட மாட்டேன். இடுப்புல வச்சுகிட்டே செய்வேன்.”

நாத்தனார் தம்பியைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அவர் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். “சீர்த்தட்ட நான் எடுத்துட்டு வரேங்க்கா” என்றார் கடைசியில். அவ்வளவுதான் சொன்னார். அக்காவை எதிர்த்து அவர் பேசி நான் கேட்ட முதல் பேச்சு அது. நாத்தனார் காபியைத் தொடாமலே பஸ் ஏறினார்.

சனிக்கிழமை மத்தியானமே பழம், பூ, பட்டுப் பாவாடை, வளையல் எல்லாம் வாங்கித் தட்டுகளில் அடுக்கி வைத்தேன். குழந்தைமேல் எனக்கு என்ன கோபம்? ஞாயிறு விடிந்ததும் அவர் பலகையைப் பெரிய அட்டைப்பெட்டியில் வைத்துக் கட்டி பஸ் ஸ்டாண்டு வரை கொண்டுவந்து ஏற்றிவிட்டு, தட்டுகளோடு செந்துறைக்குக் கிளம்பினார்.

கண்டக்டர் பெட்டியைத் தட்டிப் பார்த்தார். “என்னம்மா, கொலுவா? இன்னும் நாள் இருக்கே.”

“இல்லைங்க. போர்க்களம்.”

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். லக்கேஜ் டிக்கெட் கிழித்துக் கொடுத்தபோது கொஞ்சம் மரியாதை கூடியிருந்தது போல எனக்குப் பட்டது.

போட்டி ஒரு ஹோட்டலின் மாடி ஹாலில். என் பலகையைக் கைகழுவும் இடத்துக்குப் பக்கத்தில், ஓரமாக, எட்டாம் மேஜை என்று போட்டிருந்தார்கள். வாதாடவில்லை. அங்கேயே அடுக்கி முடித்தேன். முதல் ஆட்டத்துக்கு அங்கே வந்த இரண்டு பேரும் முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் நின்றார்கள். பாதி ஆட்டத்தில் அவர்களில் ஒருவர், “ஏங்க, இங்க வாங்களேன். இந்தப் பாறையில பல்லு இருக்கு!” என்று கத்தினார். அத்தனை பேரும் வந்து குனிந்து பார்த்தார்கள். உடைக்கும்போது தப்பிய முழுக் கடவாய்ப் பல் ஒன்று குழிச் சுவரிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. யாருடையதோ, பாவம். அதற்குப் பிறகு எட்டாம் மேஜையைச் சுற்றி எப்போதும் நாலு பேர் நின்றார்கள்.

நான் முதல் ஆட்டம் ஜெயித்தேன். இரண்டாவது தோற்றேன், பேராசையில் என் தளபதியை முன்னால் அனுப்பியது என் தப்பு. மூன்றாவதில் எதிரே உட்கார்ந்தவர் கோயம்புத்தூரிலிருந்து வந்த இன்ஜினியர், என்னைவிடச் சின்னவர். ஒவ்வொரு தடவையும் நான் என்ன செய்ய வேண்டும் என்று எனக்கே விளக்கினார். “இப்ப நீங்க ரெண்டு பகடை உருட்டணும் அக்கா.” “இப்ப ஆறு அங்குலம்தான் போகலாம் அக்கா.” மூன்று முறை பொறுத்துக்கொண்டேன்.

“தம்பி, விதியெல்லாம் எனக்குத் தெரியும். நீங்க டேப்பை நேராப் புடிங்க. ஒவ்வொரு தடவையும் அரை அங்குலம் கூடப் போறீங்க.”

அதற்குப் பிறகு விளக்கம் நின்றது. டேப்பும் நேராக இருந்தது. கடைசிச் சுற்றில் ஜெயித்தேன். எழுந்து கை கொடுத்துவிட்டுத்தான் போனார், அதையும் சொல்ல வேண்டும்.

மொத்தப் புள்ளியில் பதினாறு பேரில் நான் நாலாவது. முதல் மூன்று பேருக்குக் கோப்பை கொடுத்தார்கள். பிறகு குழுவை நடத்துபவர் மைக்கில், “இப்ப ஒரு சிறப்புப் பரிசு. சிறந்த பெண் வீரர்!” என்று என்னைக் கூப்பிட்டார். எல்லாரும் கை தட்டினார்கள். ரோஸ் கலர் ரிப்பன் கட்டிய சின்னக் கோப்பை. மேடை வரை போனேன்.

“சார், பெண்கள் எத்தனை பேரு ஆடினோம்?”

“நீங்க ஒருத்தர்தான் மேடம்.” சிரித்தார்.

“அப்ப கடைசி பெண் வீரரும் நான்தானே?”

மைக் அணைக்கப்படவில்லை. ஹாலில் யாரோ சிரித்து, உடனே நிறுத்தினார்கள். “இது வேண்டாம் சார். நான் நாலாவது வந்திருக்கேன். அதை ஒரு பேப்பர்ல எழுதிக் கொடுங்க, போதும்” என்றேன். அவருக்குச் சங்கடமாகிவிட்டது. நல்ல மனுஷர்தான், கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. ஆனால் நான் கோப்பையை வாங்கவில்லை. கடைசியில் புள்ளிப் பட்டியலின் பின்பக்கம், நாலாம் இடம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். எழுதும்போது அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

ஒரு வாரம் கழித்து நானே செந்துறைக்குப் போய்க் குழந்தையைப் பார்த்தேன். காது இரண்டும் வீங்கியிருந்தன. நாத்தனார் முதலில் சமையல்கட்டை விட்டு வெளியே வரவில்லை. நான் குழந்தைக்குக் காதோரம் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தபோது வந்து டீ டம்ளரை என் பக்கத்தில் ணங்கென்று வைத்தார்.

“ஜெயிச்சியா?”

“நாலாவது, அண்ணி.”

“அதுக்குத்தான் இவ்வளவா?” என்றார்.

“அதுக்குத்தான்” என்றேன்.

அவர் என்னை மன்னிக்கவில்லை. நானும் மன்னிப்புக் கேட்கவில்லை. டீ நன்றாக இருந்தது, குடித்தேன்.

இந்த வருஷப் போட்டியின் தேதி தெரிந்ததும் முதலில் அவருக்குத்தான் போன் செய்தேன். “அண்ணி, அந்த ஞாயித்துக்கிழமை நான் ஊர்ல இருக்க மாட்டேன். விசேஷம் ஏதும் வைக்கிறதா இருந்தா வேற நாள் பாத்து வைங்க.” அவர் ஏதோ சொன்னார். சரி என்றாரா, சீ என்றாரா, சிக்னல் விட்டு விட்டு வந்ததில் புரியவில்லை. நான் திரும்பக் கேட்டுக்கொள்ளவில்லை.