வலிக்காத பிள்ளைக்கு எதுக்கு மருந்து

பூச்சிமருந்துக் கடைக்காரன் பேச்சை நான் நம்புறதில்ல. காமயகவுண்டன்பட்டியில திராட்சைத் தோட்டம் வச்சிருக்கேன். நல்லா இருக்குற கொடியக் காட்டி, "நோய் வர்றதுக்கு முன்னாடியே அடிச்சிருங்கண்ணே"ன்னு பாட்டிலத் தலையில கட்டப் பாப்பாக. எலையத் திருப்பிப் பாத்து, புள்ளி கண்ணுல பட்டாத்தான் மருந்து கலக்குவேன். அதுல எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

போன வருசம் அந்தப் புத்தியோடதான் தேனி ஆஸ்பத்திரிக்குப் போனேன். மகளுக்கு அஞ்சு வயசு, குடலிறக்கத்துக்கு ஆபரேஷன். மயக்க டாக்டரம்மா எங்களக் கூப்பிட்டுச் சொன்னாக. புள்ள மயக்கத்துல இருக்கும்போது வால் எலும்புக்கிட்ட ஒரு ஊசி போடுவாகளாம். இடுப்புக்குக் கீழ சில மணி நேரம் மரத்துக் கிடக்குமாம், முழிச்சாலும் வலி தெரியாதாம். முதுகுல ஊசின்னதும் எனக்குச் சுருக்குன்னுச்சு. "காலு பழையபடி வருமா?"ன்னு மூணு தடவ கேட்டேன். மூணு தடவயும் அதே சிரிப்போட "வரும்"னாக. அந்தச் சிரிப்பு மேலயே எனக்குச் சந்தேகம். கையெழுத்துப் போட்டது என் வீட்டுக்காரிதான்.

மத்தியானம் வார்டுக்கு வந்த புள்ள அழவே இல்ல. வயித்த அறுத்த புள்ள சிரிச்சுப் பேசுது. யாரும் பாக்காதப்ப அவ பாதத்தக் கிள்ளிப் பாத்தேன். அவளுக்குத் தெரியவே இல்ல. சட்டுன்னு போர்வைய இழுத்து மூடிட்டேன்.

வீட்டுக்காரி டீ குடிக்கப் போன நேரம், நர்ஸம்மா சின்ன மூடியில சிரப் ஊத்திக் கொண்டாந்து நீட்டுனாக. "மரப்பு எறங்குறதுக்கு முன்னாடியே குடுத்துருங்கண்ணே. வலி வந்தப்புறம் அடக்குறது கஷ்டம்."

அட, அதே கடைக்காரன் பேச்சு. அவுக அடுத்த கட்டிலுக்கு நகந்ததும் மககிட்டக் கேட்டேன்.

"ஆத்தா, எங்கயாச்சும் வலிக்குதா?"

"இல்லப்பா."

"வலிச்சாச் சொல்லு, அப்பா குடுக்குறேன்."

சிரப்போட அந்த மூடிய எடுத்து, பிளாஸ்க்குக்குப் பின்னால ஒளிச்சு வச்சேன். குடுத்தாச்சுன்னு நர்ஸம்மாகிட்டயும் பொய், வீட்டுக்காரிகிட்டயும் பொய்.

சாயங்காலம் அவ கால் கட்டவிரல் அசஞ்சுச்சு. அப்பாடான்னு மூச்சு விட்டேன். கொஞ்ச நேரத்துல புள்ள முனகுனா, அப்புறம் அலற ஆரம்பிச்சா. "மருந்து குடுத்தும் இப்பிடித் துடிக்குதே"ன்னு வீட்டுக்காரி ஓடுனா. டாக்டரம்மா வந்து, சிரப் எத்தன மணிக்குக் குடுத்தீகன்னு கேட்டாக. பிளாஸ்க்குக்குப் பின்னாலருந்து மூடிய எடுத்துக் குடுத்தேன். அவுக ஒண்ணும் திட்டல. டிரிப்ஸ் வழியா வேற மருந்து ஏத்துனாக. வலி அடங்குற வரைக்கும் புள்ள என் சட்டையத்தான் இறுக்கிப் பிடிச்சிருந்தா. என்னைய யாராச்சும் நாலு அறை விட்டிருந்தாத் தேவலைன்னு இருந்துச்சு.

மறுநாள் காலையில நர்ஸம்மா சிரப்போட வந்தாக. கேக்குறதுக்கு முன்னாடியே மக, "வலிக்குது"ன்னா.

"எங்கனடா வலிக்குது?"ன்னு கட்டு ஓரமா மெதுவாத் தொட்டுப் பாத்தாக.

அவ என்னையப் பாத்துட்டு, நர்ஸம்மா காதுகிட்டப் போயிச் சொன்னா. எனக்கும் கேட்டுச்சு.

"இன்னும் வலிக்கல. வலிக்குதுன்னு சொன்னாத்தான அப்பா குடுக்க விடுவாக."