ஒஸ்வால்ட் கண்டது

நாகேந்திரம் கொழும்பில் நீதிமன்றங்கள் இருக்கிற புதுக்கடையில் ஒரு வழக்கறிஞரிடம் முப்பது வருடமாக எழுத்தராக இருக்கிறார். பிரிய வருகிற கணவன் மனைவிமாரின் முறைப்பாடுகளை ஒரு சொல் பிசகாமல் எழுதியெடுப்பார். வெள்ளவத்தை வீட்டுக்கு வந்தாலோ பேப்பருக்குள் முகத்தைப் புதைத்துவிடுவார். மனைவி பாலேஸ்வரி, "என்ன சொன்னனீங்கள்?" என்று இரண்டாம் தரம் கேட்டால், "காது அடைச்சுப்போச்சோ?" என்று சினப்பார்.

மேல்மாடிக்கு ஒஸ்வால்ட் குடிவந்த பிறகு அவருடைய நிம்மதி போனது. ஒஸ்வால்ட் மனைவியை இழந்தவர், ரயில்வேயில் இருந்து ஓய்வுபெற்றவர். பின்னேரங்களில் கடற்கரைப் பக்கம் நடக்கப்போகும் பாலேஸ்வரியோடு அவரும் சேர்ந்துகொண்டார். ஒருநாள் பல்கனியில் நின்ற நாகேந்திரம், கீழே மனைவி வாய்விட்டுச் சிரித்தபடி வருவதைக் கண்டார். அந்தச் சிரிப்பை வீட்டில் கேட்டு எத்தனை வருடம்!

அதன் பிறகு கந்தோரிலிருந்து நேரத்துக்கே வந்தார். அவள் எந்தச் சேலை கட்டுகிறாள் என்று கவனித்தார். போன் அடித்தால் காது கொடுத்தார். ஒரு வெள்ளிக்கிழமை பின்னாலேயே போனார். இருவரும் கடற்கரைக்குத் திரும்பாமல் பெருந்தெருவான காலி வீதியால் பம்பலப்பிட்டி வரை நடந்து, ஒரு காது வைத்தியரின் கிளினிக்குக்குள் நுழைந்தார்கள்.

அவர்கள் வெளியே வந்ததும் நாகேந்திரம் வெடித்தார்.

"எனக்குச் சொல்லாமல் இவரோட ஏன் வந்தனீர்?"

ஒஸ்வால்ட் பஸ் தரிப்பிடத்துக்கு ஒதுங்கினார்.

"மூண்டு மாசமா எனக்கு இடது காது கேக்கிறேல்லை," என்றாள் பாலேஸ்வரி. "நான் தலையைத் திருப்பித் திருப்பிக் கேக்கிறதைக் கண்டிட்டு அந்த மனுசன் தானா வலப்பக்கம் வந்து நடந்தார். நீங்கள் என்ன செய்தனீங்கள்? ஏசினீங்கள்."

அவள் மனம் ஒஸ்வால்டிடம் போயிருந்தால் நாகேந்திரம் சண்டை பிடித்திருப்பார். தன் வீட்டில் தான் காணாததை இன்னொருவர் தெருவில் கண்டதற்கு யாரோடு சண்டை பிடிப்பது? வெட்கமாக இருந்தது. ஆனாலும் பொறாமைதான் அப்போதும் பெரிதாக இருந்தது.

அடுத்த பரிசோதனைக்கு அவரே லீவு போட்டுக் கூட்டிப்போனார். காதுக்குக் கருவி பூட்ட வேண்டும் என்றார்கள். திரும்பி வந்து அவள் சமைக்கத் தொடங்கியதும் குசினிக்குள் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நான் காணாதது வேற என்ன இருக்கு?"

"வழக்குக்கு எழுதவோ கேக்கிறியள்?"

"இல்லை. எனக்குத் தெரியவேணும்."

அவள் நம்பாமல் பார்த்துவிட்டு அடுப்பைத் தணித்தாள். பிறகு, மகன் கனடா போனபின் நீண்டுபோன பகல்களைப் பற்றி, ரேடியோவோடு தனியே கதைத்ததைப் பற்றியெல்லாம் சொன்னாள். இடையில் இரண்டு தரம் ஒஸ்வால்டின் பெயர் வந்தது. இரண்டு தரமும் நாகேந்திரத்துக்குச் சுட்டது. குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.